டைமிங் பெல்ட்

டைமிங் பெல்ட் என்பது மகிழுந்துப் பொறியில் கிராங்க் தண்டின் சுழற்சியைக் கேம் தண்டுக்குக் கடத்தும் பற்களுள்ள இரப்பர்ப் பட்டை ஆகும். பெருமளவில் தயாரிக்கப்பட்ட மகிழுந்துகளுள் செருமனியின் கிளாஸ் 1004 இதனை முதன்முதலில் 1962 இல் பயன்படுத்தியது.

மாற்றியமைத்த பொறிக்கான தேர்வு

மாற்றியமைத்த பொறிக்கு மகிழுந்தின் பெயரை மட்டும் கொண்டு பட்டையைத் தேர்ந்தெடுக்க இயலாது. பல்லின் வடிவம், பல்லிடைத் தூரம், அகலம் ஆகியன பற்சக்கரங்களுடன் பொருந்த வேண்டும். பற்களின் எண்ணிக்கை தண்டுகளுக்கு இடையிலான தொலைவைப் பொறுத்தது. உயரம் கூடிய சிலிண்டர் பிளாக்கைப் பொருத்தினால், பட்டை மேலேறிக் கீழிறங்குவதால், உயர வேறுபாட்டின் ஏறத்தாழ இருமடங்கு நீளம் கூடுதலாகத் தேவைப்படும். 8 மி.மீ. பல்லிடைத் தூரமுள்ள பட்டையில் 4 மி.மீ. உயர்வு ஒரு பல்லுக்குச் சமம்.

தளர்ந்த பட்டை பல் தாண்டினால், பல பொறிகளில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். எனவே கிராங்க் தண்டைக் கையால் இருமுறை சுழற்றி, குறிகள் மீண்டும் பொருந்துவதை உறுதிசெய்த பின்னரே பொறியை இயக்க வேண்டும்.