பருத்த உடம்போடு ஜிம்முக்குப் போவது எப்படி? முதல் இரண்டு மாதங்களுக்கான வழிகாட்டி

"முதல்ல கொஞ்சம் எடையக் கொறச்சிட்டு, அப்புறம் ஜிம்முக்குப் போறேன்." இப்படிச் சொல்லியே ஆண்டுகளைக் கடத்துபவர்கள் நம் குடும்பங்களில் அநேகம். ஜிம் என்றால் கட்டுடல் இளைஞர்கள் கண்ணாடி முன் கையை மடக்கிப் பார்க்கும் இடம், நூறு கிலோவைத் தாண்டிய நாம் அங்கே போய் நின்றால் சிரிப்பார்கள் என்ற கூச்சம்தான் இதற்குக் காரணம். உண்மையில் அந்த இளைஞர்களைவிட, எடை கூடியவருக்கே உடற்பயிற்சி மையம் அதிகம் பயன்படும். எடையைக் குறைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. இன்றைக்கு இருக்கும் எடையோடு போகலாம். எப்படித் தொடங்குவது என்பதுதான் கேள்வி.

நம் சமூகத்துக்கு இது கூடுதல் அவசரம். சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி 2019-இல் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் கொண்டவர்கள். 2023-இல் அது 54.4 விழுக்காடாக உயர்ந்தது. 2019 ஆய்வை இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முதலிடம்: 63.9 விழுக்காடு. நீரிழிவிலும் அதே கதைதான். நாட்டின் சராசரி 18.3 விழுக்காடாக இருந்தபோது, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. அதாவது நம்மில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இனிப்பு நீர்.

தோட்டத்தில் வாழ்ந்த தலைமுறை ஜிம்மைப் பார்த்ததில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மேடு பள்ளத்தில் நானூறு ஐந்நூறு மரம் வெட்டி, பால் வாளியைத் தூக்கி வந்தவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பிள்ளைகள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். வேலை லோரி இருக்கைக்கும் பாதுகாவலர் நாற்காலிக்கும் கணினி மேசைக்கும் மாறியது. தட்டில் விழும் சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை.

நமக்கு எடை கூடுதலா என்பதை அறிய இடுப்பை அளந்தாலே போதும். தெற்காசிய உடல்வாகில் கொழுப்பு வயிற்றைச் சுற்றித்தான் முதலில் சேரும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லைக்கோடு. உடல் எடைக் குறியீட்டிலும் ஆசியர்களுக்கு 23-லிருந்தே எச்சரிக்கை தொடங்குகிறது, 25-லிருந்து அல்ல. பார்ப்பதற்குச் 'சாதாரணத் தொந்தி'யாகத் தெரிவதே போதுமான காரணம்.

ஜிம்முக்கு முன் கிளினிக்

பதிவுக் கட்டணம் கட்டுவதற்கு முன் அரசாங்க கிளினிக்குக்கு ஒரு முறை போய் வாருங்கள். ரத்த அழுத்தம், ரத்தத்தில் இனிப்பின் அளவு, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 40 வயதைத் தாண்டி எஸ்.டி.ஆர். உதவி பெறும் குடும்பத்தினருக்கும் அவர்களின் துணைவருக்கும் 2019 முதல் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. பதிவு பெற்ற தனியார் கிளினிக்குகளிலும் அதைச் செய்துகொள்ளலாம். சொக்சோ எனப்படும் பெர்கேசோவும் 40 வயதான சந்தாதாரர்களுக்குப் பரிசோதனைத் திட்டம் வைத்திருக்கிறது. உரிமை இருந்தும் பயன்படுத்தாதவர்கள் நிறையப் பேர்.

மாடி ஏறும்போது நெஞ்சு இறுகுவது, காரணமில்லாத மூச்சுத் திணறல், தலைசுற்றி விழுந்த அனுபவம், முன்பே இதயக் கோளாறு, 180/110-ஐத் தொடும் ரத்த அழுத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே பயிற்சி. மற்றவர்கள் மிதமான நடையிலிருந்து தொடங்கத் தயங்க வேண்டியதில்லை.

ரத்த அழுத்தத்துக்கு எந்த மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அட்டெனொலொல், பைசொப்ரொலொல் போன்றவை இதயத் துடிப்பைத் தாழ்த்தி வைக்கும். அவற்றைச் சாப்பிடுபவர் டிரெட்மில் திரையில் காட்டும் துடிப்பு எண்ணை எட்டிப் பிடிக்க முயன்றால் உடம்பைத் தேவைக்கு மேல் வருத்துவார்.

எந்த ஜிம்?

பெயர் பெற்ற ஜிம்களில் மாதக் கட்டணம் பெரும்பாலும் 100 ரிங்கிட்டைத் தாண்டும். ஊராட்சி மன்றங்களின் விளையாட்டு மண்டபங்களிலும், இளைஞர் விளையாட்டு அமைச்சின் வளாகங்களிலும் பல இடங்களில் குறைந்த கட்டணத்தில் பயிற்சிக் கூடம் உண்டு. தாமானில் இருக்கும் சின்ன ஜிம்மும் மோசமில்லை. என்னைக் கேட்டால், வீட்டிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ பத்து நிமிடத்தில் போய்ச்சேரக்கூடிய ஜிம்தான் நல்ல ஜிம். பளபளப்பு எல்லாம் இரண்டாம் பட்சம்.

சேருவதற்கு முன் நீங்கள் போகப்போகும் நேரத்திலேயே ஒரு முறை போய்ப் பாருங்கள். மாலை 6 மணிக்கு மேல் கூட்டம் நெருக்கியடிக்கும். கூச்சம் உள்ளவருக்கு முற்பகல் அல்லது இரவு 9 மணிக்குப் பிறகு வசதி. ஷிப்ட் வேலை செய்பவர்களுக்கு இது ஒருவகையில் கொடுப்பினை. பெண்களுக்கு மட்டுமான மையங்களும் நகரங்களில் உள்ளன. அம்மாவுக்கோ அக்காவுக்கோ துணையாக இன்னொருவரும் சேர்ந்துகொண்டால், வீட்டில் எழும் "இந்த வயசுல எதுக்கு?" என்ற கேள்வி பாதி அடங்கிவிடும்.

120 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய ஒன்று உண்டு: இந்த டிரெட்மில் எத்தனை கிலோ தாங்கும்? ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தயாரிப்பாளர் ஓர் எடை வரம்பு வைத்திருப்பார். விவரம் தெரிந்த பயிற்றுநர் உடனே சொல்வார். அந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் பயிற்சிக்குப் போகாதீர்கள்.

முதல் நாளும் முதல் வாரமும்

முதல் நாள் 20 நிமிடம் போதும். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். கட்டிய காசுக்கு வஞ்சகமில்லாமல் ஒரே நாளில் எல்லா இயந்திரத்திலும் ஏறி இறங்கிவிட்டு, மறுநாள் கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாமல் தவித்து, அதோடு ஜிம்முக்கே முழுக்குப் போடுவது வழக்கமாக நடக்கிறது. பழக்கமில்லாத தசைகளில் வலி ஒரு நாள் கழித்துத் தொடங்கி மூன்றாம் நாள் வரை நீடிக்கலாம். அது இயல்பானது. மூட்டுக்குள் குத்தும் வலியும் நெஞ்சு வலியும் இயல்பானவை அல்ல.

தொடக்கம் நடைதான். டிரெட்மில்லில் மணிக்கு 3 அல்லது 4 கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம். முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சாய்ந்து உட்காரும் சைக்கிள் இன்னும் நல்லது. அதன் இருக்கை அகலம், முதுகுக்கும் பிடிமானம் இருக்கும். வேகம் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. பேச்சே வரவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள்.

அதன் பிறகு எடைப் பயிற்சி. 'அது உடம்பை ஏற்றுபவர்களுக்கு' என்று பலர் ஒதுக்குகிறார்கள், பெண்கள் குறிப்பாக. ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அதிகம் உறிஞ்சிக்கொள்ளும் இடம் தசை. ஆகவே இனிப்பு நீர்க் குடும்பத்தில் பிறந்தவர் விடக்கூடாத பயிற்சி இது. உட்கார்ந்து செய்யும் இயந்திரங்களில் தொடங்கலாம்: காலால் தள்ளும் லெக் பிரஸ், மார்புக்கு முன் தள்ளும் செஸ்ட் பிரஸ், தன் பக்கம் இழுக்கும் ரோயிங், மேலிருந்து இழுக்கும் லாட் புல்டவுன். பன்னிரண்டு முறை செய்து முடித்த பிறகும் இன்னும் இரண்டு மூன்று முறை செய்யலாம் என்று தோன்றும் எடையே சரியான எடை. தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் திடீரென ஏறும். தள்ளும்போது மூச்சை வெளியே விட வேண்டும்.

குதிக்கும் பயிற்சிகளையும் ஓட்டத்தையும் முதல் சில மாதங்களுக்குத் தள்ளி வையுங்கள். முழங்கால் தேய்மானம் உள்ள பருத்த பெரியவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டதில், உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறைவது தெரிந்தது. அப்படியானால் முப்பது கிலோ கூடுதலாகச் சுமப்பவர் குதிக்கும்போது மூட்டு என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். தொந்தி குறைய வேண்டும் என்று தரையில் படுத்து நூறு முறை எழுவதும் வீண். வயிற்றுக்குப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பது ஜிம் வாசலில் வழங்கும் கட்டுக்கதை.

வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதை எட்ட இரண்டு மூன்று மாதமானாலும் பரவாயில்லை.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. பருத்தவர்களுக்குத் தொடைகள் உரசித் தோல் வழன்றுபோகும். அந்த எரிச்சலாலேயே நின்றுபோனவர்கள் உண்டு. முழங்கால் வரை வரும் இறுக்கமான உள் கால்சட்டை அணிந்து, உரசும் இடத்தில் வாஸ்லின் தடவினால் தீர்ந்தது. பெண்கள் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா வாங்க யோசிக்க வேண்டாம், புதுச் சட்டையைவிட அது முக்கியம்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு

இன்சுலின் போடுபவர்களும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் வெறும் வயிற்றில் ஜிம்முக்குப் போகக்கூடாது. கைக்கருவியில் பார்க்கும்போது அளவு 5-க்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிடுங்கள். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, கண் மங்கல் வந்தால் உடனே நிறுத்திச் சிறிய பாக்கெட் பழச்சாறோ குளுக்கோஸ் மிட்டாயோ எடுத்துக்கொள்ள வேண்டும். பையில் அது எப்போதும் இருக்கட்டும். சர்க்கரை சில மணி நேரம் கழித்து, இரவில்கூட இறங்கலாம். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு.

கால் மரத்துப்போனவர்கள் காலுறை இல்லாமல் காலணி போடவே கூடாது. வீடு திரும்பியதும் பாதத்தைப் புரட்டிப் பாருங்கள். டிரெட்மில்லில் வந்த சின்னக் கொப்புளம் புண்ணாகி, விரலை எடுக்கும் நிலைவரை போகக்கூடும். விழித்திரையில் பாதிப்பு இருப்பதாகச் சொல்லியிருந்தால் கனமான எடை தூக்கும் முன் கண் மருத்துவரைக் கேளுங்கள்.

எடைக்கருவி இறங்கவில்லையே?

மூன்றாவது வாரத்தில் பலரும் நின்றுவிடுவது இந்தக் கேள்வியில்தான். புதிதாகப் பயிற்சி செய்யும் தசை நீரைப் பிடித்து வைப்பதால் ஆரம்பத்தில் எடை அசையாமல் இருக்கலாம், ஒரு கிலோ ஏறக்கூடச் செய்யலாம். இன்னொன்று, நூறு கிலோ உள்ளவர் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது ஏறத்தாழ 150-லிருந்து 200 கலோரி. திரும்பும் வழியில் மாமாக் கடையில் ஒரு ரொட்டி சானாய் சாப்பிட்டால் சுமார் 300 கலோரி. தே தாரிக் கணக்கு தனி. எடை குறைவது பெரும்பாலும் சாப்பாட்டு மேசையில்தான் நடக்கிறது.

அப்படியென்றால் ஜிம் எதற்கு? சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நீரிழிவின் வாசலில் இருந்த 531 பேரை ஆராய்ந்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் உடலுழைப்பையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்களின் எடையோ சொல்லும்படியாகக் குறையவில்லை. நம் மரபணுவும் நம் சாப்பாடும் கொண்ட மக்களிடம் செய்த ஆய்வு என்பதால், எடைக்கருவியைப் பார்த்துச் சோர்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே முதல் இரண்டு மாதத்தில் வேறு கணக்குகளை வையுங்கள். இடுப்புச் சுற்றளவு, காலை நேர ரத்த அழுத்தம், எத்தனை மாடி மூச்சு வாங்காமல் ஏற முடிகிறது, கிளினிக் அட்டையில் மூன்று மாதச் சர்க்கரை அளவு. எடை பிறகு குறையும்போதும் ஐந்து விழுக்காடே பெரிய வெற்றி. நூறு கிலோவில் ஐந்து கிலோ.

அவசரம் தாங்காமல் மெலிய வைக்கும் காபிப் பொடிக்கும் மாத்திரைக்கும் போகாதீர்கள். மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2010-இல் பல நாடுகளில் மீட்டுக்கொள்ளப்பட்ட சிபுட்ராமின் எனும் மருந்தை இத்தகைய பொருள்களில் நம் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜிம் நண்பரே விற்றாலும் வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன்

'இன்று மட்டும் சலுகை' என்று ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தத்தை நீட்டுவார்கள். முதல் தடவை மாதாமாதம் கட்டும் வசதி உள்ள இடமே பாதுகாப்பு. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு துணை நிற்கும். தொடர் சேவைக்கான ஒப்பந்தத்தைப் பயனீட்டாளர் இடையில் ரத்து செய்யலாம். பயன்படுத்திய சேவைக்கான தொகையோடு ஒப்பந்தத் தொகையில் ஐந்து விழுக்காடு பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது அதன் சாரம். ரத்து செய்வதை எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். தர மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டி வழக்குப் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல் ஜிம் சந்தாவும் சேர்ந்த விளையாட்டுச் செலவுகளுக்கு 1,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு.