ஏ.சி.சி. கூட்டமைப்பின் 2003 விரிவாக்கம்

அட்லாண்டிக் கோஸ்ட் கான்பரன்ஸ் (ஏ.சி.சி.) 1953-இல் தோன்றிய அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு. கூடைப்பந்தில் புகழ்பெற்ற இதில் 2003-இல் ஒன்பது பல்கலைக்கழகங்கள் இருந்தன. அமெரிக்கக் கால்பந்தில் இறுதிப் போட்டி நடத்தி வருவாய் பெருக்க, அன்றைய விதிப்படி பன்னிரண்டு அணிகள் தேவை. எனவே பிக் ஈஸ்ட் கூட்டமைப்பிலிருந்து மயாமி, சிராக்யூஸ், பாஸ்டன் கல்லூரி ஆகியவற்றைச் சேர்க்கத் திட்டமிடப்பட்டது. மயாமியின் பலம் கால்பந்து. மற்ற இரண்டின் கவர்ச்சி பெரும்பாலும் வடகிழக்கின் தொலைக்காட்சிச் சந்தைதான்.

புதியவர்களைச் சேர்க்க ஏழு வாக்குகள் வேண்டும். டியூக், வட கரொலைனா பல்கலைக்கழகங்கள் விரிவாக்கத்தை எதிர்த்தன. ஆகவே வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் வாக்கு இன்றியமையாததாயிற்று. பிக் ஈஸ்ட் சிதைந்தால் தம் மாநிலத்தின் மற்றொரு பல்கலைக்கழகமான வர்ஜீனியா டெக் தனித்துவிடப்படும் என்பதால், ஆளுநர் மார்க் வார்னர் அழுத்தம் தந்தார். திட்டத்தில் இடமே பெறாத வர்ஜீனியா டெக், வேறு சில பிக் ஈஸ்ட் உறுப்பினர்களுடன் சேர்ந்து ஏ.சி.சி. மீது வழக்கும் தொடுத்திருந்தது. ஜூன் இறுதியில் மயாமிக்கும் அதற்கும் மட்டுமே அழைப்பு சென்றது. வழக்கிலிருந்து அது விலகிக்கொண்டது. ஏ.சி.சி. குழு வளாகத்துக்கே வந்து பார்வையிட்டுச் சென்ற பிறகும் சிராக்யூஸ் கைவிடப்பட்டது. பாஸ்டன் கல்லூரிக்கு அக்டோபரில் பன்னிரண்டாவது இடம் கிடைத்தது.

அரசியலால் நுழைந்த வர்ஜீனியா டெக், சேர்ந்த முதல் பருவமான 2004-இலேயே கால்பந்துப் பட்டத்தை வென்றது. 2007, 2008, 2010 ஆண்டுகளிலும் வென்றது. முதலில் குறிவைக்கப்பட்ட மயாமிக்கு அந்தக் காலத்தில் ஒரு பட்டமும் கிட்டவில்லை. சிராக்யூஸ் 2013-இல் சேர்ந்தது.