மலத்தொட்டியின் வரலாறும் நமது கடமையும்

வரலாறு என்றால் மன்னர்களின் போர்களும் முடிசூட்டு விழாக்களுமே என்று எண்ணுவோர் பலர். நாம் அன்றாடம் மிதித்து நடக்கும் கொல்லைப்புறத்துக் கல்மூடி ஒன்றின் அடியிலும் வரலாறு உண்டு. அதனைப் பேச நாணுகிறோம். நாணத்தால் மறந்தும் விடுகிறோம். அந்த மறதியின் விலையை வேறொருவர் தம் உயிரால் செலுத்த நேர்கிறது. ஆகவேதான், மாணவச் செல்வங்களே, செப்டிக் டாங்க் எனப்படும் மலத்தொட்டியைப் பற்றி இன்று உங்களோடு பேச முன்வந்தேன்.

என் ஊர் வத்திராயிருப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கண்மாய்களும் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ அமைந்த ஊர். நான் சிறுவனாக இருந்த நாளில் பல வீடுகளில் எடுப்புக் கக்கூஸே இருந்தது. பொழுது விடியுமுன் பின்சந்து வழியே வாளியும் தகரமுமாக வந்து போனவர்களின் பெயரைக்கூட நாங்கள் அறிந்ததில்லை. பிறப்பின் பேரால் சில மக்கள்மீது சுமத்தப்பட்ட தொழில் அது. 1901ஆம் ஆண்டில் கல்கத்தாக் காங்கிரசுக்குச் சென்ற காந்தியடிகள், அங்கே கழிப்பிடங்களின் நிலையைக் கண்டு, தாமே துடைப்பத்தைக் கையிலெடுத்தார். அவ்விழிநிலையை ஒழிக்கத் துணைநிற்க வல்ல சாதனங்களுள் ஒன்று மலத்தொட்டி.

கழிவுநீரைத் தேக்கிக் கசடைப் பிரிக்கும் முறை மிகப் பழையது. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் சிறந்திருந்த மொகஞ்சதாரோ நகரத்தின் வடிகால்களில் இடையிடையே செங்கற்குழிகள் இருந்தன. கசடு குழியின் அடியில் தங்கும். நீர் மேலே வழிந்தோடும். தங்கிய கசடை அவ்வப்போது அள்ளி அகற்ற வேண்டும் என்பதையும் அந்நகர மாந்தர் அறிந்திருந்தனர். இவ்விறுதிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மலக்குழியைப் பேணாவிடில் நேர்வது என்ன என்பதை 1854ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரம் கண்டது. பிராட் தெருப் பகுதியில் காலரா தோன்றி 600க்கு மேற்பட்டோரைக் கொன்றது. மாண்டவர்களுள் பெரும்பாலோர் ஒரே கைப்பம்புக் கிணற்றின் நீரைக் குடித்தவர்கள் என்பதை மருத்துவர் ஜான் ஸ்நோ எடுத்துக்காட்டினார். பின்னர்த் தோண்டிப் பார்த்தபோது, அண்டை வீட்டு மலக்குழி அக்கிணற்றிலிருந்து மூன்றடித் தொலைவளவிலேயே இருந்ததும், அதன் சுவர் சிதைந்து கசிந்ததும் தெரியவந்தன.

இன்றைய மலத்தொட்டியின் தாயகம் பிரான்சு நாடு. வெசூல் என்னும் ஊரினரான ழான் லூயி மூரா என்பவர் 1860ஆம் ஆண்டையொட்டித் தம் வீட்டில் காற்றுப்புகாத தொட்டி ஒன்றை அமைத்தார். பல ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது எதிர்பார்த்த அளவு கசடு இல்லாததைக் கண்டு வியந்தார். 1881இல் அதற்கு உரிமைப் பட்டயமும் பெற்றார். ‘தானே இயங்கும் துப்புரவாளன்’ என்ற பொருளில் அதற்குப் பெயரும் வழங்கலாயிற்று. பின்னர் இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரத்தைச் சேர்ந்த டொனால்டு காமெரான் 1895ஆம் ஆண்டையொட்டி அம்முறையைச் சீர்ப்படுத்தி, ‘செப்டிக்’ என்ற பெயரைச் சூட்டினார். அழுகச் செய்வது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள்.

மூரா கண்ட வியப்பின் காரணம் யாது? காற்றில்லாமலே வாழவல்ல நுண்ணுயிர்கள் உண்டென்பதை லூயி பாஸ்டர் 1861இல் வெளிப்படுத்தியிருந்தார். அத்தகைய நுண்ணுயிர்களே தொட்டியினுள் மலத்தைச் சிதைக்கின்றன. கனமானவை கீழே கசடாகப் படிகின்றன. எண்ணெய்ப் பசையும் நுரையும் மேலே ஏடாக மிதக்கின்றன. இடையிலுள்ள நீர் வெளியேறி உறிஞ்சு குழியை அடைகிறது. ஆனால் நுண்ணுயிர்கள் அனைத்தையும் தின்று தீர்ப்பதில்லை. எஞ்சிய கசடு ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே வரும். ‘தானே இயங்கும்’ என்ற பெயரிலேயே ஒரு பிழை ஒளிந்திருந்தது. தொட்டியைக் கட்டினால் போதும், பேண வேண்டியதில்லை என்னும் மயக்கம் அதன் பிறப்போடு பிறந்தது எனலாம்.

அம்மயக்கத்துக்கு நானும் ஆளானவனே. என் வீட்டுத் தொட்டியைக் கட்டிய பின் பதினெட்டு ஆண்டுகள் அதனைத் திறந்து பார்த்தேனில்லை. மூடியின்மேல் தளக்கல்லும் பாவிவிட்டேன். ஒரு கார்த்திகை மாதத்து அடைமழையில் கண்மாய் பெருகி, கிணற்று நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறியிருந்தபோது, கழிப்பறையில் ஊற்றிய நீர் இறங்காமல் நின்றது. ஆள் தேடினேன், ஒருவர் வந்தார். தளக்கல்லைப் பெயர்த்து மூடியை நகர்த்தினார். “ஐயா, இறங்கித்தான் அள்ளவேண்டும். ஒரு விளக்குக் கொடுங்கள், உள்ளே வாயு உண்டா என்று பார்த்துவிடுகிறேன்” என்றார். பாழுங்கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் அது.

விளக்கெடுக்கச் சென்ற நான் அடுக்களை வாயிலிலேயே நின்றுவிட்டேன். கழிவு அழுகும்போது மீத்தேன் பிறக்கும், அது தீப்பற்றும் என்று முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். அதே இடத்தில் ஹைட்ரஜன் சல்பைடும் பிறக்கும். சிறிய அளவில் அழுகிய முட்டைபோல் நாறும் அவ்வாயு, அளவு மிகுந்தால் மூக்கின் முகரும் ஆற்றலையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணும் மனிதர் அடுத்த நொடியில் மயங்கி வீழ்வார்; அவரைத் தூக்க இறங்குவோரும் அவ்வாறே மடிவர். இவ்வளவும் அறிந்திருந்தும் என் கொல்லையில் அதனை நினைத்தேனில்லை. திரும்பிச் சென்று, அவரை இறங்க வேண்டாமென்று தடுத்து, அன்றைய கூலியைக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் கழிவுநீர் உறிஞ்சும் லாரி வந்து வேலையை முடித்தது. ஒரு நாள் நாங்கள் அண்டை வீட்டை நாட வேண்டியிருந்தது. அவ்வளவே எங்கள் இழப்பு. மற்றொரு தட்டில் இருந்ததோ ஓர் உயிர்.

நாட்டில் இன்று சட்டம் தெளிவாகவே உள்ளது. 1993இல் எடுப்புக் கழிப்பிடங்களைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், தக்க பாதுகாப்பின்றி மலத்தொட்டியில் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. இத்தகைய சாவுகளுக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2023இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது என்பதன் பொருள், சாவுகள் நிற்கவில்லை என்பதே. சட்டம் நீதிமன்றத்தில் வாழ்கிறது. அதன் வெற்றியோ நம் கொல்லைப்புறத்தில் இருக்கிறது.

அவ்வெற்றிக்கு நாம் செய்யவேண்டுவன எளியவை. கசடும் மிதக்கும் ஏடும் தொட்டியின் பாதி ஆழத்தை நிரப்புமுன், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, இயந்திரத்தால் உறிஞ்சச் செய்தல் வேண்டும். அடியில் சிறிது கசடை விட்டுவைக்க வேண்டும். தயிருக்கு உறைமோர்போல அது புதிய நுண்ணுயிர்களுக்கு வித்தாகும். பினாயிலையும் அமிலத்தையும் மிகுதியாக ஊற்றினால் நமக்காக உழைக்கும் அந்நுண்ணுயிர்களையே கொல்வோம். துணி, பிளாஸ்டிக், சமையல் எண்ணெய் ஆகியவற்றை உள்ளே விடலாகாது. மழைநீரும் புகலாகாது. மூடி எளிதில் திறக்குமாறும், சிறுவர் தவறி விழாதவாறும் உறுதியாக இருக்க வேண்டும். காற்றுக்குழாய் அடைபடலாகாது. திறந்த தொட்டியின் அருகே தீக்குச்சி கிழிப்பதோ, தலையைக் குனிந்து பார்ப்பதோ கூடவே கூடாது.

தொட்டியிலிருந்து வெளிவரும் நீர் தெளிந்திருப்பினும் தூயதன்று. நோய்க்கிருமிகள் அதில் உண்டு. அதனைத் தெருச் சாக்கடையில் விடுவது கண்மாய்க்கும் வயலுக்கும் நோயை அனுப்புவதாகும். உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர நெறி. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறும் எங்களைப் போன்ற ஊராருக்கு இவ்விதி இருமடங்கு பொருந்தும். லாரியில் ஏற்றிய கசடு ஓடையில் கொட்டப்படாமல் சுத்திகரிப்பு நிலையத்தைச் சேர்கிறதா என்று கேட்டறிவதும் நம் கடமையே. கருங்குழி போன்ற தமிழகப் பேரூராட்சிகளில் அத்தகைய நிலையங்கள் ஏற்பட்டுள்ளன.

சென்னை ஐ.ஐ.டி.யினர் ஆளிறங்காமல் மலத்தொட்டியைத் துப்புரவு செய்ய ‘ஹோமோசெப்’ என்னும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினர். 2022ஆம் ஆண்டில் அது மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்குழுக்களின் தலைமையில், இதே துப்புரவுத் தொழிலில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் இருந்தனர். தம் கணவருக்குக் கிட்டாத பாதுகாப்பைப் பிறருக்கு வழங்க அவர்கள் முன்வந்தனர்.

மாணவர்களே, இன்று வீட்டுக்குச் சென்றதும் உங்கள் பெற்றோரிடம் ஒரு வினாவைக் கேளுங்கள்: “நம் தொட்டியைக் கடைசியாக எப்போது துப்புரவு செய்தோம்?” விடை தெரியவில்லையாயின், அடைப்பு நேர்ந்து ஆள் தேடும் நாள்வரை காத்திராமல், லாரியை வரவழைக்கச் சொல்லுங்கள்.