பைபிள் முரண்பாடுகள்: எடுத்துக்காட்டும் முன் அறிய வேண்டியவை

பைபிளில் ஒரே விடயம் இரண்டு இடங்களில் இரண்டு விதமாகச் சொல்லப்பட்டிருப்பதைக் காட்டும் வீடியோக்கள் எமது பிள்ளைகளின் கைத்தொலைபேசிகளில் வலம் வருகின்றன. பலர் வசன இலக்கத்தை மனனமிட்டிருக்கிறார்கள். அதன் வரலாற்றையும், கிறிஸ்தவர்கள் தரும் பதிலையும் அறிந்தவர்கள் குறைவு.

இந்த விவாதம் இலங்கைக்குப் புதிதல்ல. 1865இல் பத்தேகம, 1866இல் எமது கேகாலை மாவட்டத்தின் உடன்விட்ட, 1871இல் கம்பளை, 1873 ஆகஸ்ட் 26, 28ஆம் திகதிகளில் பாணந்துறை என பௌத்த தேரர்களும் பாதிரிமார்களும் பகிரங்கமாக வாதிட்டனர். பாணந்துறையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரர், வெஸ்லியன் போதகர் டேவிட் டி சில்வாவுக்கு எதிராக பைபிளையே ஆதாரமாக எடுத்தார். எல்லாம் அறிந்த இறைவன் மனிதனைப் படைத்ததற்காக வருந்தினான் என ஆதியாகமம் (6:6) கூறுவது எப்படி என்பது அவரது கேள்விகளில் ஒன்று.

முஸ்லிம்களிடையே இத்துறை அதைவிடப் பழையது. 1064இல் வபாத்தான அந்தலூசிய அறிஞர் இப்னு ஹஸ்ம் இது பற்றி விரிவாக எழுதினார். 1854 ஏப்ரலில் ஆக்ராவில் மௌலானா ரஹ்மதுல்லாஹ் கைரானவி, பாதிரியார் ஃபாண்டருடன் இரண்டு நாட்கள் விவாதித்தார். அவரது ‘இழ்ஹாருல் ஹக்’ இன்றும் இத்துறையின் முதன்மை நூலாகும்.

அதிகம் பேசப்படும் நான்கு இடங்கள்:

1. அகசியா அரசனாகும்போது வயது 22 (2 இராஜாக்கள் 8:26); 42 (2 நாளாகமம் 22:2). தந்தை யோராம் இறந்ததே 40 வயதில். 42 எனக் கொண்டால் மகன் தந்தையைவிட மூத்தவராகிறார்.

2. தாவீதைக் கணக்கெடுப்புக்குத் தூண்டியது கர்த்தரின் கோபம் (2 சாமுவேல் 24:1). சாத்தான் (1 நாளாகமம் 21:1).

3. யூதாஸ் தூக்கிட்டு இறந்தான் (மத்தேயு 27:5); தலைகீழாக விழுந்து வயிறு வெடித்து இறந்தான் (அப்போஸ்தலர் 1:18).

4. மர்யமின் கணவராகக் கூறப்படும் யோசேப்பின் தந்தை யாக்கோபு (மத்தேயு 1:16). ஏலி (லூக்கா 3:23).

இவற்றைக் கிறிஸ்தவ அறிஞர்கள் மறைக்கவில்லை. முதலாவதைப் பிரதி எடுத்தவர்களின் பிழை என்று பலர் ஏற்கின்றனர். பழைய சிரியாக் மொழிபெயர்ப்பில் 22 என்றே உள்ளது. இரண்டாவதில் சாத்தான் செய்ததை இறைவன் அனுமதித்தான் என்கிறார்கள். யூதாஸ் தூக்கிட்ட பின் கயிறு அறுந்து விழுந்தான் என்பது மூன்றாவதற்கான பதில். வம்சாவளிக்கு, இறந்த சகோதரனின் மனைவியை மணக்கும் யூத வழக்கத்தால் ஒருவருக்கு இரு தந்தையர் அமையலாம் என மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆப்பிரிக்கானுஸ் விளக்கமளித்தார். சில பதில்கள் வலுவானவை; சில வலிந்து பொருத்தியவை. இரண்டையும் கேட்ட பின்பே முடிவுக்கு வருவது நீதி.

ஏனெனில் அதே தராசில் எம்மையும் நிறுப்பார்கள். வானங்களும் பூமியும் ஆறு நாட்களில் படைக்கப்பட்டதாக 7:54 கூறும்போது, 41:9-12 வசனங்களைக் கூட்டினால் எட்டு வருகிறதே என்பார்கள். நடுவில் வரும் நான்கு நாட்களில் முதல் இரண்டும் அடங்கும் என்பது முபஸ்ஸிர்களின் விளக்கம். எமது விளக்கத்தை அவர்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும் என எதிர்பார்க்கும் நாம், அவர்களது விளக்கத்தைக் கேட்காமல் சிரிக்க முடியாது.

அல்குர்ஆன் தன்னில் முரண்பாடு இல்லை எனக் கூறி, அதை ஆராயுமாறு அழைக்கிறது (4:82). வேதக்காரர்களுடன் அழகிய முறையிலன்றித் தர்க்கிக்க வேண்டாம் என்றும் (29:46), பிறர் அழைப்பவற்றை ஏச வேண்டாம் என்றும் (6:108) தடுக்கிறது. இவையும் வசனங்கள்தான், இவற்றையும் பிள்ளைகள் மனனமிட வேண்டும்.

பாணந்துறை விவாத அறிக்கையை வாசித்தே கேர்ணல் ஒல்கொட் 1880இல் இலங்கை வந்தார். அதன் பின் பௌத்தப் பாடசாலைகள் எழுந்தன. 1886இல் ஆனந்தாக் கல்லூரி உருவானது. மேடையில் கிடைத்த கைதட்டலைவிட அந்த வகுப்பறைகளே அச்சமூகத்துக்குப் பயன் தந்தன.

கரவனெல்லை போன்ற ஊர்களில் எமது பிள்ளைகள் தோட்டத்துக் கிறிஸ்தவப் பிள்ளைகளுடன் ஒரே பஸ்ஸில், ஒரே டியூஷன் வகுப்பில் இருக்கிறார்கள். நண்பனின் வேதத்தைப் பற்றிக் கேட்பதாயின், கற்றுக்கொள்ளும் நோக்கில் கேட்கட்டும். அவனை வெட்கப்படுத்துவதற்காக வசனம் காட்டுவது தஃவா அல்ல. இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுப்பது பெற்றோர், மத்ரஸா, பாடசாலை என எம் அனைவரதும் பொறுப்பாகும்.