சாபமாய்ப் பிறந்த ‘ஸ்ட்ரேஃப்’

1914 ஆகஸ்ட்டில் பிரிட்டன் முதல் உலகப்போரில் குதித்ததும் ஜெர்மனியெங்கும் ஒரு முழக்கம் பரவியது: ‘கோட் ஸ்ட்ராஃப எங்லண்ட்’. கடவுள் இங்கிலாந்தைத் தண்டிக்கட்டும்! இதை ஆக்கியவர் கவிஞர் எர்ன்ஸ்ட் லிசாவர் என்பார்கள். இங்கிலாந்தின் மீது வெறுப்பைக் கொட்டி அவர் எழுதிய கவிதைக்கு ஜெர்மன் பேரரசர் கெய்சர் விருதே கொடுத்தார். முழக்கம் அஞ்சலட்டைகளிலும் கோப்பைகளிலும் ஏறியது. சிலர் வணக்கத்துக்குப் பதிலாக இதைச் சொன்னார்கள். ‘அவர் தண்டிக்கட்டும்’ என்று மறுமொழி வந்தது.

எதிரே பதுங்குகுழிகளில் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் அந்தச் சாபத்தையே பிடுங்கிக்கொண்டார்கள். அதன் ‘ஸ்ட்ராஃப’ அவர்கள் வாயில் ‘ஸ்ட்ரேஃப்’ ஆனது. ஜெர்மன் பீரங்கிகள் குண்டு பொழிந்தால் அது ‘ஸ்ட்ரேஃப்’. மேலதிகாரி வறுத்தெடுத்தாலும் ‘ஸ்ட்ரேஃப்’தான். சேற்றிலும் சாவின் பக்கத்திலும் நாள்களைக் கழித்தவர்கள், தங்களை அழிக்கச் சொன்ன சொல்லைக் கேலிப்பேச்சாக்கி அதன் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த நெஞ்சுரம் வியக்கத்தக்கது.

சொல்லின் பொருளைக் குறுக்கியது விமானம்.

போரின் தொடக்கத்தில் விமானங்கள் பெரும்பாலும் வேவு பார்க்கவே பறந்தன. 1915-ல், சுழலும் புரொப்பெல்லரின் இடைவெளியில் சுடும் இயந்திரத் துப்பாக்கியை ஜெர்மனியின் ஃபாக்கர் விமானங்கள் சுமந்து வந்தன. விமானி மூக்கைத் திருப்பிய திக்கில் குண்டு பாய்ந்தது. 1917 நவம்பரில் பிரான்சின் காம்ப்ரேயில் நடந்த சண்டையில் பிரிட்டிஷ் விமானங்கள் மரங்களை உரசுமளவு தாழ்ந்து வந்து ஜெர்மன் நிலைகளைச் சுட்டன. ஜெர்மானியரிடமும் இதற்கென்றே தனி அணிகள் இருந்தன; தரையிலிருந்து வரும் குண்டுகளைத் தாங்க யுங்கர்ஸ் ஜே.I விமானத்துக்கு எஃகுக் கவசம் பூட்டியிருந்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குள், தாழப் பறந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடுவதே இச்சொல்லின் முதற்பொருளாகிவிட்டது.

பிறந்த வீட்டில் அந்தப் பொருள் ஒட்டவேயில்லை. ஜெர்மனில் ‘ஸ்ட்ராஃபன்’ இன்றும் தண்டிப்பதுதான். கால்பந்தின் பெனால்டி உதைகூட ‘ஸ்ட்ராஃப்ஷ்டோஸ்’. ஆங்கிலத்திலோ சொல் வீடியோ கேமுக்குள்ளும் புகுந்தது. 1993-ல் வந்த ‘டூம்’ ஆடியவர்களுக்கு ‘ஸ்ட்ரேஃப்’ என்றால் முகம் திருப்பாமல் பக்கவாட்டில் நகர்வது.

போர்ச் செய்தியை மொழிபெயர்க்கும்போது இச்சொல்லைப் பொதுவாக ‘விமானத் தாக்குதல்’ என்று எழுதிவிடுவது போதாது. உயரத்திலிருந்து குண்டு போடுபவனுக்குக் கீழே இருப்பது வெறும் இலக்கு. தாழப் பறந்து சுடுபவனுக்கு ஓடும் மனிதர்கள் கண்ணில் படுவார்கள். ‘தாழப் பறந்து சுட்டன’ என்றே எழுதுங்கள்.