சீற்றமா? விசையா?

அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுமிடம் இருக்கன்குடி. ஆடி வெள்ளியில் அங்கு மாரியம்மனை நாடி மக்கள் திரள்கின்றனர். மழை பெய்தால் தாயின் அருள் என்பர். பொய்த்தால் தாயின் கோபம் என்பர். அவ்வாற்று நீர் கிழக்கே சென்று மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. அவ்வளைகுடாவின் வடகோடியில் ஓரிரவு நடந்ததை எண்ணிப் பார்ப்போம். அருளும் கோபமும் அங்கே விடையாகுமா?

1964 டிசம்பர் 22 நள்ளிரவு. புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. பாம்பனிலிருந்து புறப்பட்ட இரயில் வண்டி, நூற்றுக்கு மேற்பட்ட மக்களோடு கடலுக்கு இரையாயிற்று. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் இரும்பு உத்தரங்கள் பெயர்ந்து வீழ்ந்தன.

ஆண்டவன் சீற்றம் என்றனர். கோதண்டராமர் கோயில் தப்பியதைக் காட்டி, ஆண்டவன் காவல் என்றும் கூறினர். நாம் கேட்கிறோம்: கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் பாலத்தின் நடுப்பகுதியும் அன்று சிதையாது நின்றதே, அதற்குக் காவல் யார்? இரயிலில் மாண்டோர் செய்த குற்றம் யாது?

சீற்றமன்று தோழர்களே, விசை! புயற்காற்று கடல்நீரைக் கரைநோக்கித் தள்ளுகிறது. ஆழமற்ற இடத்தில் அந்நீர் குவிந்து உயர்கிறது. அதன் மீதேறி அலை வருகிறது. ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் தளரும், உயரம் வளரும், முடிவில் உடைந்து விழும். நீரோட்டத்தின் வேகம் இருமடங்கானால், எதிர்நிற்கும் தூண் தாங்கும் இழுவிசை நான்கு மடங்காகும். தூணை அலை தாக்கும் விசைக்கு வாய்பாடு வகுத்து, அமெரிக்காவில் மாரிசனும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்டது 1950இல்தான். பாம்பன் பாலத்தை எழுப்பியோர் கையில் அது இல்லை.

பாலத்தை மீட்டது எது? யாகமா, பூசையா? பொறியாளர் ஸ்ரீதரன் திட்டமிட, தொழிலாளர் கடலடியில் கிடந்த உத்தரங்களைத் தேடி மீட்டனர். 46 நாளில் பாலம் சீரானது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலமோ, பழையதைவிட 3 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அந்த உயரம், வேண்டுதலால் வந்ததன்று. அளந்து, கணக்கிட்டு, உழைத்துப் பெற்றது.

இன்று சென்னை ஐ.ஐ.டி.யில் தொட்டிக்குள் அலை எழுப்பி, கப்பலின் சிறு உருவங்களை மிதக்கவிட்டுச் சோதிக்கின்றனர். பாம்பன் மீனவர் மகனும் சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளியின் மகளும் அத்தொட்டியருகே நின்று கணக்கெழுத வேண்டாமா? அலைக்கு அஞ்சிக் கைகூப்பிய கைகள், அலையை அளக்கும் கோல் ஏந்தட்டும்! மாண்டோர்க்கு நாம் எழுப்பும் நினைவுச் சின்னம் அதுவே.