திண்ணையும் அஞ்சடியும்

சிங்கப்பூரின் பழைய கடைவீடுகளைப் பற்றித் தமிழில் எழுதப்பெறும் நினைவுக் குறிப்புகளிலும் சிறுகதைகளிலும் ‘கடைத் திண்ணை’ என்னும் தொடர் அடிக்கடி வந்து விழுகின்றது. சிராங்கூன் சாலையில் பூத்தொடுப்பவர் அமர்ந்திருப்பது திண்ணையில். கிளிச் சோதிடர் கூண்டை வைத்திருப்பது திண்ணையில். மழைக்கு ஒதுங்கியவர் நிற்பதும் திண்ணையில். தெம்பனிஸ் போன்ற புதுநகர்களின் அடுக்குமாடி வீடுகளில், வாசற்கதவுக்கு வெளியே நீண்டு செல்லும் நடைவழியையும் ‘எங்கள் வீட்டுத் திண்ணை’ என்று சொல்லுவார் உளர். இவற்றுள் ஒன்றேனும் திண்ணை அன்று. சிராங்கூன் சாலையில் உள்ளது அஞ்சடி. தெம்பனிஸில் உள்ளது அவ்வஞ்சடியின் வழித்தோன்றல்.

இரண்டும் வீட்டுக்குப் புறத்தே, கூரைக்குக் கீழே அமைந்தவை. ஆதலின் மயக்கம் எழுதல் இயல்பே. ஆயினும் இதனைச் சிறு சொற்பிழை என்று தள்ளிவிடுதற்கில்லை. இதே மயக்கம் ஆங்கிலச் சொல் ஒன்றில் இருந்தமையால், 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் கடைகள் அடைபட்டன. தெருவில் கலகமும் மூண்டது.

முதலில் திண்ணையைப் பார்ப்போர்க்கு அச்சொல்லே வழி காட்டும். ‘திண்’ என்னும் அடிக்கு உறுதி, செறிவு என்பன பொருள். மண்ணும் கல்லும் இட்டு நிரப்பி, மேடாக்கி, மேலே சாந்து பூசி வழவழப்பாக்கிய இருக்கை திண்ணை. வாயிற்படியின் இருபுறமும் அது நிற்கும். சில வீடுகளில் தலைவைத்துப் படுப்பதற்கென ஓர் ஓரம் சாய்வாக உயர்த்திக் கட்டப்பட்டிருக்கும். பிள்ளைகள் எழுத்துப் படித்ததும் அங்கேதான். திண்ணைப் பள்ளிக்கூடம் என்னும் பெயர் அதனால் வந்தது. ஆக, திண்ணையின் இலக்கணம் மேடு. அது நடப்பதற்கு அன்று, இருப்பதற்கு உரியது. ஒரு வீட்டின் திண்ணை அவ்வீட்டோடு தொடங்கி அவ்வீட்டோடு முடியும். அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போக வேண்டுபவன் தெருவில் இறங்கி ஏறல் வேண்டும்.

வீட்டின் முன்புறத்தைக் குறிக்கத் தமிழில் வேறு சொற்களும் பல உள. அவற்றையும் திண்ணையோடு ஒன்றாக்குதல் கூடாது. ‘தாழ்வாரம்’ என்பது கூரையை நோக்கி வந்த பெயர். தாழ்ந்து இறங்கும் சாய்ப்பின் கீழுள்ள இடம் அது. ‘முன்றில்’ என்பது இல்லின் முன்னிடம். ‘இல்முன்’ என்பதே முன்பின்னாக மாறி நின்றதென்று இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாக மாணவர் படிக்கும் சொல் அது. ‘இடைகழி’ என்பதோ வெளிவாயிலுக்கும் உள்வாயிலுக்கும் இடைப்பட்ட வழி. பேச்சு வழக்கில் ‘ரேழி’ என்பர்.

திருக்கோவலூரில் முதலாழ்வார் மூவரும் மழையிரவில் ஒருங்கு கூடிய கதையைச் சொல்லுவோர் சிலர், அவர்கள் திண்ணையில் நின்றார்கள் என்று கூறிவிடுகின்றனர். வைணவ மரபு கூறுவது இடைகழி. இந்த இடத்தைத் திண்ணையாக்கினால் கதையின் உயிரே போய்விடும். ஒருவர் படுக்கப் போதுமாய் இருந்த இடம், இரண்டாமவர் வந்தபோது இருவர் இருக்கப் போதுமாயிற்று. மூன்றாமவர் வந்தபின் மூவரும் நிற்கவே போதுமாயிற்று. நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்தற்கு இருபுறமும் சுவருள்ள குறுகிய வழியே வேண்டும். ஒருபுறம் தெருவுக்குத் திறந்த மேட்டில் நெருக்கம் ஏது?

இனி அஞ்சடிக்கு வரலாம். அதன் பிறப்புக்கு நாள் குறிக்க முடியும் என்பதே அதற்கும் திண்ணைக்கும் உள்ள முதல் வேற்றுமை. 1822 நவம்பரில் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ், சிங்கப்பூர் நகரை ஒழுங்குபடுத்த அமைத்த குழுவுக்கு விரிவான கட்டளைகளை எழுதியனுப்பினார். தெருக்கள் நேராக அமைதல் வேண்டும். கடைவீடுகள் செங்கல்லும் ஓடும் கொண்டு ஒரு சீராக எழுதல் வேண்டும். அவ்வாறு எழும் ஒவ்வொரு வீட்டின் முன்னும் குறித்த ஆழத்துக்கு ஒரு ‘வெராண்டா’ இருத்தல் வேண்டும். அது தெருவின் இருமருங்கும் இடையறாத நடைவழியாக, கூரையிட்டு, எந்நேரமும் திறந்திருத்தல் வேண்டும் என்பது அக்கட்டளைகளுள் ஒன்று. வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் ஊரில் இதனினும் பயனுள்ள விதி ஒன்றைக் காண்பது அரிது.

விதி நல்லது, சொல்தான் பொருந்தவில்லை. ‘வெராண்டா’ என்பது போர்த்துக்கீசியர் வழியே கீழைநாடுகளில் பரவிய சொல். அதன் மூலம் இந்திய மொழியா ஐரோப்பிய மொழியா என்பது பற்றிச் சொல்லாராய்ச்சியாளரிடையே வழக்கு உண்டு. தமிழகத்தில் அது வராந்தா ஆயிற்று. ஈழத்தில் விறாந்தை ஆயிற்று. எங்குச் சென்றாலும் அது குறித்தது வீட்டைச் சேர்ந்த ஒரு புறவிடத்தையே. வீட்டுக்காரர் நாற்காலி போட்டு அமர்வதும், வந்தவரை வரவேற்பதும் அங்கே. அவ்வகையில் அது திண்ணைக்கு உறவு. மலாய்க்காரரின் மரவீடுகளில் முன்னே அமைந்த ‘செரம்பி’யும் விருந்தினரை இருத்தும் இடமே, திண்ணைக்கு நேர் இணை வேண்டுமாயின் செரம்பியைச் சொல்லலாம்.

ராஃபிள்ஸ் விதித்ததோ வேறொரு பொருள். கட்டுபவர் தம் வீட்டின் முன்பகுதியை ஊரார் நடப்பதற்கு விட்டுவிடுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. மேலே மாடி கடைக்காரருடையது, தூண் அவருடையது, பெரும்பாலும் தரையும் அவருடையதே. நடக்கும் உரிமை மட்டும் ஊருடையது. இப்படிப்பட்ட இடத்துக்கு வீட்டுறவுள்ள ஒரு பெயரைச் சூட்டினால், ‘என் வெராண்டா’ என்று கடைக்காரர் சொல்லத் தொடங்குவதில் வியப்பில்லை.

மக்கள் நாவு இதனைவிடத் தெளிவாக இருந்தது. மலாயில் ‘காக்கி லீமா’ என்றனர். காக்கி என்பது அடி, லீமா என்பது ஐந்து. ஹொக்கியன் சீனரும் ஐந்தடி என்னும் பொருள்படவே ‘கோ கா கி’ என்றனர். தமிழர் ‘அஞ்சடி’ என்றனர். ஐந்து என்பது பேச்சில் அஞ்சு ஆதல் எங்கும் உள்ள வழக்கே. எல்லாப் பெயரும் அகலத்தைச் சொல்லுகின்றன. ஒன்றேனும் வீட்டைச் சொல்லவில்லை என்பது கருதத்தக்கது. உண்மையில் அகலம் தெருவுக்குத் தெரு வேறுபட்டது. ஐந்தடிக்கு மேற்பட்டனவும் உண்டு. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. பினாங்கு, மலாக்கா, கோலாலம்பூர் நகர்களிலும் இவ்வமைப்பு வேரூன்றியது. இந்தோனேசியாவில் ‘காக்கி லீமா’ என்றால் இன்று தெருவோர வணிகரையே பெரும்பாலும் குறிக்கும். இடத்தின் பெயர் அங்கே நின்று விற்றவருக்கு ஆகிவந்தது.

திண்ணையின் இலக்கணம் மேடு எனின், அஞ்சடியின் இலக்கணம் தொடர்ச்சி. இடையில் ஒரு கடைக்காரர் சுவர் வைத்தால் தெரு முழுவதும் கெட்டது. தேக்காவில் டன்லப் தெருவிலோ கேம்பல் லேனிலோ நடப்பவர் தம் காலடியை நோக்கினால் இது விளங்கும். கடைக்குக் கடை தரையோட்டின் நிறமும் கோலமும் மாறும். சில இடங்களில் ஒரு படி ஏறும், அடுத்த கடையில் அரைப்படி இறங்கும். தரை பலருக்கு உரியது, நடை எல்லார்க்கும் உரியது என்பதைச் சட்டப் புத்தகத்தினும் தெளிவாக அந்த ஓடுகளே காட்டிவிடும்.

நடப்பதற்கென்று விட்ட வழி நடப்பதற்கு மட்டும் பயன்பட்டதா என்றால், இல்லை. கடைக்குள் வாடகை கொடுக்க வகையற்றவர்க்கெல்லாம் அஞ்சடியே தொழிற்களம் ஆயிற்று. நாவிதர், செருப்புத் தைப்பவர், கடிதம் எழுதிக் கொடுப்பவர், சோதிடர், பூக்காரர் எனப் பலரும் அங்கே பிழைத்தனர். தமிழ் முஸ்லிம்கள் தூணோரம் சிறு பெட்டிக்கடை வைத்து வெற்றிலையும் சிகரெட்டும் மிட்டாயும் செய்தித்தாளும் விற்றனர். வாங்க வந்தவர் அவர்களை அழைத்த உறவுமுறையாலேயே அவை ‘மாமாக் கடை’ எனப் பெயர்பெற்றன. இரவில் கடை அடைத்தபின் சீக்கியக் காவலர் கயிற்றுக் கட்டிலைக் கதவோரம் போட்டுப் படுப்பர். தங்க இடமற்ற கூலித் தொழிலாளரும் அங்கே படுத்ததுண்டு. இதையெல்லாம் கண்டே பின்வந்த எழுத்தாளர் திண்ணை என்றனர் போலும்.

ஆனால் தூங்கியவன் விருந்தினன் அல்லன் என்பதை அவர்கள் மறந்தனர். திண்ணையில் படுத்தவன் வீட்டுக்காரர் கொடுத்த இடத்தில் படுத்தான். அஞ்சடியில் படுத்தவன் ஊர் நடக்கும் வழியில் படுத்தான். விடியுமுன் எழுந்தாக வேண்டும்.

கடைக்காரர் பலரும் தம் சரக்கை அஞ்சடியில் பரப்பினர்; சிலர் அடைத்தும் விட்டனர். நடப்பவர் வெயிலிலும் வண்டிகளுக்கிடையிலும் இறங்க வேண்டியதாயிற்று. 1880இல் கைரிக்ஷாவும் வந்து சேர்ந்தபின் தெருவில் நெருக்கடி மிகுந்தது. 1887ஆம் ஆண்டு நகராண்மைச் சட்டத்தைக் கையில் கொண்டு, நகராண்மைக் கழகத்தார் வெராண்டாக்களிலுள்ள தடைகளை நீக்க முற்பட்டனர். 1888 பிப்ரவரியில் கடைக்காரர்கள் எதிர்த்துக் கடைகளை அடைத்தனர். கூட்டம் தெருவில் இறங்கிற்று. கலகம் சில நாள் நகரை ஆட்டிவைத்தது. வரலாற்றில் இது ‘வெராண்டாக் கலகம்’ எனப்படும். தமிழில் இதனைத் ‘திண்ணைக் கலகம்’ என்று பெயர்த்தால் படிப்பவர் தலைகீழாகவே விளங்கிக் கொள்வர். தம் திண்ணையை இழந்தோர் செய்த கலகமாக அது தோன்றிவிடும். அவர்களும் அப்படித்தான் நினைத்தனர் என்பது உண்மையே. வழக்கின் முடிச்சும் அதுவே. கழகத்தார் அதை வழி என்றனர். கடைக்காரர் அதை வீடு என்றனர். இரு பொருளுக்கும் ஒரே சொல் இடம் கொடுத்துவிட்டது.

முடிவு இடைநடுவில் அமைந்தது. சரக்கு ஓரளவு வெளியே இருக்கலாம், ஆனால் ஆள் நடக்க வழி விட்டாக வேண்டும் என்னும் இணக்கத்தில் அமைதி திரும்பிற்று. கடைக்காரரின் பிடிவாதத்தை மட்டும் குறை கூறுதல் நேர்மையன்று. சட்டம் சொன்னபடியே முழுவதும் அகற்றியிருந்தால், முதலில் பிழைப்பிழந்திருப்பவர் தூணோரத்து ஏழையே ஆவர்.

இவ்விடத்தில் திண்ணையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடுதற்கில்லை. வழிப்போக்கனுக்கு இடம் தந்த அறம் திண்ணை என்று பாராட்டுதல் நம்மவர் வழக்கம். அப்பாராட்டு பாதியே உண்மை. எந்த வழிப்போக்கனுக்கு என்னும் கேள்வி அதனுள் மறைந்து கிடக்கின்றது. தமிழகத்தின் பல தெருக்களில் சிலர் திண்ணையில் அமர்தலாகாது. சில தெருக்களில் நடத்தலும் ஆகாது. கொடுப்பவன் மறுக்கவும் கூடும் என்பதே கொடையின் இயல்பு. அஞ்சடியில் கொடை இல்லை; ஆகவே மறுப்பும் இல்லை. ராஃபிள்ஸ் சீனருக்கும் சூலியருக்கும் புகிசருக்கும் அராபியருக்கும் தனித்தனிப் பகுதி வகுத்தவர். அவரைச் சமத்துவம் பேசியவராகக் காட்ட வேண்டுவதில்லை. ஆயினும் அவர் விதித்த வழியில் நடந்த தமிழ்த் தொழிலாளியை, நீ யார் என்று கேட்கும் உரிமை எந்தக் கடைக்காரருக்கும் இருக்கவில்லை.

ராஃபிள்ஸ் காலத்து நகர வரைபடத்தை ஆக்கியவர் லெப்டினன்ட் ஃபிலிப் ஜாக்சன். 1828இல் பிராங்க்லினும் அவரும் ஆக்கிய தீவு வரைபடத்தில் தெம்பனிஸ் என்னும் பெயரும் ஓர் ஆற்றின் பெயராகக் காணப்படுகின்றது. வைரம் பாய்ந்த ஒரு மரத்தின் மலாய்ப் பெயர் அது. நகரின் அஞ்சடிகள் எழுந்த காலத்தில் அங்கே காடே இருந்தது; பின்னர் ரப்பர்த் தோட்டங்களும் மணற்குழிகளும் வந்தன. 1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1970களின் இறுதியிலிருந்து அங்கே புதுநகரை எழுப்பியது. 1992இல் உலகக் குடியிருப்பு விருதும் அந்நகருக்குக் கிடைத்தது.

அந்த அடுக்குமாடிகளில் அஞ்சடி இரண்டாகப் பிரிந்து குடியேறிற்று எனலாம். ஒன்று, மாடிதோறும் வீடுகளின் முன் ஓடும் நடைவழி. துளசிச் செடியும் செருப்பு அடுக்கும் மிதிவண்டியும் அங்கே வைக்கப்படுகின்றன. மாவிலைத் தோரணத்தின் கீழே கோலமும் இடப்படுகின்றது. ஆனால் அது பொது இடம். தீ மூண்டால் மக்கள் வெளியேற 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருத்தல் வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. அடிக்கணக்கில் அது ஏறத்தாழ நான்கு. அஞ்சடி சுருங்கி நாலடி ஆயிற்று என்று தமிழாசிரியர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்லலாம். பொருளை ஓரமாய் வைத்துக்கொள், வழியை மறிக்காதே என்னும் 1888ஆம் ஆண்டு இணக்கமே இங்கும் பேசுகின்றது.

மற்றொன்று, கட்டடத்தின் அடியில் தூண்களுக்கிடையே திறந்து கிடக்கும் கீழ்த்தளம். ‘வாய்ட் டெக்’ என்று ஆங்கிலப் பெயரால் அழைக்கப்படும் இது, 1960களில் தோன்றி 1970களில் எங்கும் வழக்கமாயிற்று. அஞ்சடித் தூணோரத்து மாமாக் கடை இங்கே வந்து சேர்ந்தது. மலாய்த் திருமணமும் சீனர் இழவும் தமிழர் வீட்டுக் காரியமும் நகரமன்றத்தின் அனுமதி பெற்று இங்கே நடக்கின்றன. கல்மேசையும் கல்லிருக்கையும் இட்டிருப்பதால் இது நடைவழி மட்டுமன்று. வீட்டுக்காரர் ஒருவர் இல்லாமையால் திண்ணையும் அன்று. தெம்பனிஸ் தமிழர் இதற்குத் தனிப்பெயர் ஒன்றும் தேடவில்லை. மாலையில் வீட்டை விட்டுப் புறப்படும் பெரியவரை எங்கே என்று கேட்டால், ‘கீழே’ என்கிறார்.